மழலையரின் கற்றலையும் ஊடகத்தையும் எழுத முனையும் செய்தியாளருக்கு

பள்ளிக்குச் செல்லும் முன்பே குழந்தைகள் எப்படிக் கற்கிறார்கள், அந்தக் கற்றலில் தொலைக்காட்சியும் கைப்பேசியும் என்ன செய்கின்றன என்பதைத் தன் துறையாகக் கொள்ள நினைக்கும் செய்தியாளர், முதலில் ஒரு கேள்வியைக் கைவிட வேண்டும். ‘திரை நல்லதா, கெட்டதா’ என்பதே அது. செய்தியறையில் இந்தக் கேள்விக்கு எப்போதும் வரவேற்பு உண்டு; ஆனால் எந்தப் பதில் சொன்னாலும் பெற்றோருக்கு அது பயன்படுவதில்லை. அமெரிக்கச் செய்தியாளர் லிசா கர்ன்சி, நாளிதழில் தொழில்நுட்பம் எழுதிப் பின்னர் மழலைக் கல்விக்கு வந்தவர். உள்ளடக்கம் எது, எந்தச் சூழலில் பார்க்கிறது, பார்க்கும் குழந்தை எத்தகையது என்று கேள்வியை மூன்றாகப் பிரித்ததே அவர் செய்த பெரிய உதவி என்பது என் கருத்து. உங்கள் ஒவ்வொரு கட்டுரையும் இந்த மூன்றில் எதைப் பற்றியது என்பதை எழுதத் தொடங்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது வயது. ‘குழந்தைகள்’ என்று பொதுவாக எழுதும் பழக்கம் இந்தத் துறையில் பெரும் பிழைகளுக்கு வழிவகுக்கிறது. பேட்ரிஷியா கூல் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், 9 மாதக் குழந்தைகள் நேரில் பேசியவரிடமிருந்து அயல்மொழி ஒலிகளைப் பிரித்தறியக் கற்றனர். அதே பேச்சைக் காணொளியில் பார்த்தவர்கள் கற்கவில்லை. ஆனால் இரண்டு வயதைக் கடந்த குழந்தைகள், தமக்கு மறுமொழி சொல்லும் ஒருவரிடமிருந்து காணொளி அழைப்பின் வழியாகப் புதிய வினைச்சொற்களைக் கற்றதை 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. இரண்டிலும் இருந்தது திரைதான். வயதும் எதிர்வினையும் மாறியபோது விளைவும் மாறியது. ஆகவே, மாதக்கணக்கில் வயதைக் குறிப்பிடாமல் எந்த ஆய்வையும் எழுதாதீர்கள்.

ஆய்வுக் கட்டுரையை முழுமையாகப் படிக்கும் திறனே இந்தத் துறையின் முதுகெலும்பு. 2007இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரையை இதற்குப் பயிற்சிப் பாடமாகக் கொள்ளலாம். 8 முதல் 16 மாதம் வரையிலான குழந்தைகள், மழலையருக்கான காணொளிகளை நாள்தோறும் பார்த்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 6 முதல் 8 சொற்கள் வரை குறைவாக அறிந்திருந்தனர் என்பது அதன் கண்டறிதல். ‘காணொளி குழந்தையின் பேச்சைக் கெடுக்கிறது’ என்று தலைப்பிடத் தோன்றும். முறையியல் பகுதியைப் படித்தால், அது பெற்றோரிடம் தொலைபேசியில் கேட்டுத் திரட்டிய தரவு என்பதும், 17 முதல் 24 மாதக் குழந்தைகளிடம் அத்தகைய தொடர்பு காணப்படவில்லை என்பதும், தொடர்பைக் காட்டும் ஆய்வு காரணத்தை நிறுவிவிடாது என்பதும் தெரியவரும். அத்துடன் நிறுத்தாமல், அதே கேள்வியைச் சோதனையாகச் செய்து பார்த்தவர் யார் என்று தேட வேண்டும். ஜூடி டிலோச் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு வாரங்கள் காணொளி பார்த்த குழந்தைகள், பார்க்காதவர்களைவிட அதிகச் சொற்கள் எதையும் கற்றுவிடவில்லை. காணொளியே இல்லாமல் பெற்றோர் அன்றாட வேலைகளுக்கிடையே சொல்லிக்கொடுத்த குழந்தைகளே அதிகம் கற்றனர். காணொளியை விரும்பிய பெற்றோர், தம் பிள்ளை உண்மையில் கற்றதைவிட அதிகம் கற்றதாக நம்பினர் என்பதும் அதில் பதிவாகியுள்ளது. ‘என் மகள் இதைப் பார்த்துத்தான் பேசக் கற்றாள்’ என்னும் பெற்றோரின் மேற்கோளைச் சான்றாக வைத்துக் கட்டுரையை முடிப்பது ஏன் தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை.

பரிந்துரைகளையும் இதே கவனத்துடன் அணுகுங்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகம் 1999இல் இரண்டு வயதுக்குட்பட்டோருக்குத் தொலைக்காட்சியே வேண்டாம் என்றது; 2016இல், 18 மாதத்துக்குட்பட்டோருக்கும் காணொளி அழைப்புக்கு விலக்கு அளித்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் தன் பரிந்துரைகளை உறுதியாக முன்வைத்தபோதே, அவற்றுக்கான சான்றுகளின் தரம் மிகக் குறைவு என்றும் குறிப்பிட்டது. முன்னெச்சரிக்கை வேறு, நிரூபிக்கப்பட்ட தீங்கு வேறு. இந்த வேறுபாட்டைச் சொல்லாத செய்தி, ஏற்கெனவே களைத்திருக்கும் பெற்றோரின் குற்றவுணர்வைக் கூட்டுவதைத் தவிர வேறெதையும் செய்யாது.

தயாரிப்பாளர்களிடம் கேட்க வேண்டிய முதன்மையான கேள்வி, ‘இதைக் குழந்தைகளிடம் எப்படிச் சோதித்தீர்கள்?’ என்பது. 1969இல் தொடங்கிய ‘செசமி ஸ்ட்ரீட்’ என்னும் அமெரிக்க மழலையர் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக ஆய்வாளர்கள், தொலைக்காட்சியின் அருகே வேறு படங்களை மாற்றி மாற்றிக் காட்டி, குழந்தையின் கண் எந்த இடத்தில் நிகழ்ச்சியைவிட்டு விலகுகிறது என்று குறித்துக்கொண்டனர். இன்று ஒரு செயலியைக் ‘கல்வி’ப் பிரிவில் சேர்ப்பது அதை உருவாக்கியவரின் தேர்வு மட்டுமே, அந்தப் பெயரைச் செய்தியில் அப்படியே எடுத்தாள வேண்டாம்.

குழந்தைகளை நேரில் கவனிக்காமல் இத்துறையில் நிலைக்க முடியாது. தரையில் அமருங்கள், பேச்சைக் குறையுங்கள். ‘இது பிடித்திருக்கிறதா’ என்று கேட்டால் பெரும்பாலான குழந்தைகள் ஆம் என்றே சொல்வார்கள். ‘எனக்குச் செய்து காட்டு’ என்று கேட்டால் புரிந்தது எவ்வளவு என்பது வெளிப்படும். பெற்றோரின் ஒப்புதல் இருந்தாலும் குழந்தையின் முழுப்பெயரையும் முகத்தையும் தவிர்ப்பதே முறை என்று நான் உறுதியாகக் கருதுகிறேன், ஏனெனில் அந்தப் பதிவு அக்குழந்தை வளர்ந்த பிறகும் தேடலில் கிடைக்கும்.

தொழிலாக இதை வளர்க்க, பொதுக் கல்விச் செய்திகளுக்கிடையே சிறு விளக்கக் கட்டுரைகளில் தொடங்கலாம். எழுதிய ஒவ்வொரு ஆய்வையும் கோப்பாக வைத்துக்கொண்டு, பின்னர் பிறர் அதை மீண்டும் செய்து பார்த்தபோதும் அதன் முடிவு நின்றதா என்று தேடி எழுதுங்கள். அந்தத் தொடர்ச்சியே உங்களை நூலுக்கோ கொள்கை ஆய்வு நிறுவனப் பணிக்கோ இட்டுச் செல்லும். பெயர் பரவியதும் செயலி நிறுவனங்கள் ஆலோசகராக அழைக்கும். அவர்களைப் பற்றி எழுதும் காலம்வரை அந்தப் பணத்தை ஏற்காதீர்கள். ஏற்க முடிவு செய்தால், முதலில் ஆசிரியரிடம் எழுத்தில் தெரிவித்து அந்தச் செய்திகளிலிருந்து விலகிக்கொள்ளுங்கள்.