ஏற்காட்டுப் பிள்ளைகளுக்கு நைஜீரியாவைச் சொல்லித் தருவது எப்படி?

முதலில் கரும்பலகையில் நாட்டின் எல்லையை வரைந்து, நைஜர், பெனுவே ஆறுகள் லோகோஜாவில் சேருவதைப் போடுங்கள். நாடு மூன்றாகப் பிரிவது அப்படியே தெரியும்: வடக்கே ஹவுசா, ஃபுலானி, தென்மேற்கே யொரூபா, தென்கிழக்கே இக்போ. இதோடு நிறுத்திவிடாதீர்கள். அங்கே 250-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு, எண்ணெய் எடுக்கப்படும் நைஜர் டெல்டாவில் வாழும் இஜாவ், ஓகோனி மக்களை விட்டுவிட்டால் பாடமே பாதிதான்.

அப்புறம் பயிர்கள். வடக்கே கானோவில் நிலக்கடலை, மேற்கே கோகோ, கிழக்கே பாமாயில் என்று ஒவ்வொரு பகுதிக்கும் சொந்த வருமானம் இருந்தது. 1956-ல் டெல்டாவிலுள்ள ஒலோய்பிரியில் எண்ணெய் கிடைத்து, 1970-களில் பணம் கொட்டியதும் விவசாயம் பின்தங்கியது, எல்லோர் கண்ணும் மத்திய அரசின் கஜானா மேல் விழுந்தது. எந்த இனத்தவர் ஆட்சிக்கு வருகிறார் என்பது அதனால்தான் அங்கே அவ்வளவு பெரிய விஷயம்.

இந்த வருமானத்தின் பங்கீட்டை நம் மலையை வைத்தே விளக்குங்கள். சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட் லாரியேறி மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போனதை வீட்டுப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். மண் போன ஊருக்கு எவ்வளவு வர வேண்டும் என்று கேட்டு, பிள்ளைகளை ஆளுக்கொரு எண் எழுதச் சொல்லுங்கள். பிறகு சொல்லுங்கள்: 1960-களில் நைஜீரியாவில் கனிம வருமானத்தில் அது கிடைத்த பகுதிக்கு 50 விழுக்காடு, ராணுவ ஆட்சியில் அது சுருங்கியது, 1999 அரசியலமைப்பில் குறைந்தது 13.

தென்கிழக்குப் பகுதி பியாஃப்ரா என்ற தனி நாடாகப் பிரிய முயன்றதால் 1967 முதல் 1970 வரை நடந்த பியாஃப்ரா போரைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கென் சாரோ விவாவுக்கு நேரம் ஒதுக்குங்கள். ஓகோனி மண்ணும் நீரும் எண்ணெயால் கெட்டதற்காகப் போராடிய அந்த எழுத்தாளரை 1995-ல் ராணுவ அரசு தூக்கிலிட்டது. இதைக் கேட்டதும் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள், தயவுசெய்து மணி அடித்துவிட்டது என்று அடக்காதீர்கள்.