ஏற்றுமதி மண்டலத்துக்கு அந்நிய முதலீடு ஏன் வருகிறது? ஒரு சட்டையை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

சிறப்புப் பொருளாதார மண்டலம், அதாவது ஏற்றுமதி ஆலைகளுக்கு அரசு தனிச் சலுகை தரும் ஏற்பாடு, என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது வரிவிலக்குதான். "பத்து வருஷம் வரி கிடையாது, அதனால் வெளிநாட்டுக் கம்பெனி வருகிறது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். என்னைக் கேட்டால், அது பாதிப் பதில்கூட இல்லை. வரிவிலக்குக் கொடுத்தும் ஆள் வராத மண்டலங்கள் உலகில் நிறைய இருக்கின்றன. வந்த இடங்களில் வேறு சில காரணங்களும் சேர்ந்திருக்கின்றன. அவற்றை நீங்களே கண்டுபிடிக்கும் வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப் போகிறேன்.

பொருளாதாரம் படித்திருக்கத் தேவையில்லை. ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு எங்கள் மொரிசியஸையே எடுத்துக்கொள்கிறேன். 1961-இல் ஜேம்ஸ் மீட் என்ற பொருளியலாளர் இந்தத் தீவைப் பற்றி எழுதிய அறிக்கை நம்பிக்கை தருவதாக இல்லை: கரும்பு ஒன்றைத் தவிர வேறு தொழில் இல்லை, மக்கள்தொகையோ வேகமாகப் பெருகுகிறது. அவர் பிற்பாடு நோபல் பரிசு பெற்றவர், சாதாரண ஆள் இல்லை. அப்படிப்பட்ட தீவில் 1990-களில் ஏறத்தாழ 90,000 பேர் ஏற்றுமதி ஆலைகளில் வேலை பார்த்தார்கள். நடுவில் என்ன நடந்தது என்று பார்த்தாலே பாடம் வந்துவிடும்.

படி 1: வேலி எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

பெரும்பாலான நாடுகளில் மண்டலம் என்றால் சுற்றுச்சுவர், வாயில், சுங்கச் சாவடி எல்லாம் இருக்கும். 1965-இல் தொடங்கிய குஜராத்தின் காண்ட்லா, 1984-இல் வந்த தாம்பரத்து மெப்ஸ் (மெட்ராஸ் ஏற்றுமதி மண்டலம்), இலங்கையில் 1978-இல் தொடங்கிய கட்டுநாயக்கா எல்லாம் அப்படித்தான். மொரிசியஸ் வேறு வழியில் போனது. 1970-இல் ஏற்றுமதிப் பதப்படுத்தும் மண்டலச் சட்டம் வந்தபோது, தீவின் எந்த மூலையில் ஆலை கட்டினாலும் அதற்கு மண்டலச் சான்றிதழ் கிடைக்கும் என்று வைத்தார்கள். இந்த யோசனையை முன்வைத்து வாதாடியவர் பேராசிரியர் எட்வார்ட் லிம் ஃபாட். தலைநகர் போர்ட் லூயிஸ் பக்கத்தில் பிளேன் லோசான், கோரோமாண்டல் என்று தொழிற்பேட்டைகள் எழுந்தன. ஆனால் கரும்புக்காட்டுக்கு நடுவே உள்ள கிராமங்களுக்கும் ஆலை போனது.

இது ஏன் முக்கியம்? வேலிக்குள் அடைத்தால் தொழிலாளி மண்டலத்தைத் தேடி வர வேண்டும், அவருக்குத் தங்குமிடம் வேண்டும். இங்கே ஆலை ஆள் இருக்கும் ஊருக்கே போனது. ஆகவே தாளில் முதல் கேள்வி: இந்த மண்டலம் ஒரு இடமா, இல்லை ஒரு சான்றிதழா?

படி 2: சட்டைக் கணக்கு

இனிதான் முக்கியமான வேலை. நான் கொடுக்கும் எண்கள் கணக்குப் புரிவதற்காகப் போட்டவை, எந்த ஆலையின் உண்மைக் கணக்கும் அல்ல.

ஒரு சட்டை ஐரோப்பாவில் 100 ரூபாய்க்கு விலைபோகிறது என்று வைத்துக்கொள்வோம். துணி, நூல், பொத்தான் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வாங்கியது, 60 ரூபாய். கூலி 20. மின்சாரம், வாடகை, கப்பல் கூலி 10. மிச்சம் 10 ரூபாய் லாபம்.

இப்போது துணிக்கு 20 சதவீதம் இறக்குமதி வரி போடுங்கள். 60 ரூபாய்க்கு வரி 12. லாபமோ 10. அதாவது ஒவ்வொரு சட்டைக்கும் 2 ரூபாய் நஷ்டம். இந்த ஆலை திறக்கவே திறக்காது.

அடுத்து, துணி வரியை எடுத்துவிட்டு, லாபத்துக்கு 30 சதவீதம் கம்பெனி வரி போடுங்கள். 3 ரூபாய் போனாலும் 7 ரூபாய் கையில் நிற்கும். ஆலை நடக்கும்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். துணி வரியின் எடை 12 ரூபாய், லாப வரியின் எடை 3 ரூபாய். வரி விடுமுறை என்பது லாபம் வந்த பிறகுதான் பயன்படும். நஷ்டத்தில் ஓடும் ஆலைக்குப் பத்து வருஷமல்ல, நூறு வருஷ விடுமுறை கொடுத்தாலும் ஒரு காசு மிச்சமில்லை. ஏற்றுமதி ஆலைகளில் விலையின் பெரும்பங்கு மூலப்பொருளுக்கே போவதால், மூலப்பொருள் வரியில்லாமல் வருவதுதான் உயிர்நாடி. இதைப் புரிந்துகொண்டால் மண்டலத்தின் பாதி இயக்கம் பிடிபட்டுவிடும்.

படி 3: சுங்கத்தில் துணி எத்தனை நாள் நிற்கிறது?

வரி இல்லை என்று சட்டத்தில் எழுதுவது எளிது. நடைமுறையில் இரண்டு வழி உண்டு. ஒன்று, வரியை முதலில் கட்டிவிட்டு, சட்டையை ஏற்றுமதி செய்தபின் திரும்ப வாங்குவது. இதில் பணம் மாதக்கணக்கில் அரசிடம் முடங்கும், அதற்கு வட்டி ஆலைக்காரர் தலையில். இன்னொன்று, ஆரம்பத்திலேயே வரி கேட்காமல், உறுதிப்பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு துணியை விடுவது. மண்டலங்கள் பொதுவாக இரண்டாவது வழியைத் தருகின்றன.

பதிலுக்கு ஆலை கணக்குக் காட்ட வேண்டும். ஆயிரம் சட்டைக்கு எத்தனை மீட்டர் துணி, எவ்வளவு கழிவு, கழிவை என்ன செய்தார்கள் என்று ஏடு வைக்க வேண்டும். துணியையோ சட்டையையோ உள்ளூர்ச் சந்தையில் விற்றால் விட்டுப்போன வரியைக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் வரி கட்டித் துணி வாங்கும் உள்ளூர்த் தையல்காரர் அதோடு போட்டியிட முடியாது.

அப்புறம் நேரம். கோடைக்கால டிசைன் கோடைக்கு முன்னால் கடைக்குப் போய்ச் சேர வேண்டும். துறைமுகத்தில் பத்து நாள் துணி நின்றால், சட்டையை விமானத்தில் அனுப்ப வேண்டி வரும். அந்த ஒரு செலவே லாபம் முழுவதையும் தின்றுவிடும். அதனால், "இந்த மண்டலத்தில் கன்டெய்னர் எத்தனை நாளில் வெளியே வருகிறது?" என்ற கேள்வியை வரிவிகிதத்தைக் கேட்பதற்கு முன்பே கேளுங்கள். அனுபவப்பட்ட முதலீட்டாளர்கள் கேட்பதும் அதைத்தான்.

படி 4: வாங்கும் நாட்டின் வாசலைப் பாருங்கள்

சட்டை ஐரோப்பாவுக்குள் நுழையும்போது அங்கேயும் வரி உண்டு. ஆயத்த ஆடைக்கு அது பொதுவாக 12 சதவீதம். நம் சட்டை அங்கே 112 ரூபாய் ஆகிவிடும். ஆனால் 1975-இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தோடு கையெழுத்தான லோமே உடன்படிக்கையில் மொரிசியஸும் இருந்தது. எங்கள் சட்டைக்கு அந்த வரி இல்லை. மறுபடியும் 12 ரூபாய் வித்தியாசம்.

இதோடு கோட்டாவும் சேர்ந்தது. 1974-இலிருந்து பல்லிழை ஒப்பந்தத்தின்கீழ், ஒவ்வொரு நாடும் பணக்கார நாடுகளுக்கு இத்தனை சட்டைதான் அனுப்பலாம் என்று அளவு வைத்திருந்தார்கள். ஹாங்காங் ஆலைகள் தங்கள் அளவைத் தொட்டுவிட்டன. மொரிசியஸுக்கோ ஐரோப்பிய வாசல் திறந்திருந்தது. 1984-இல் ஹாங்காங்கைச் சீனாவிடம் ஒப்படைப்பது முடிவானதும், அங்கிருந்த முதலாளிகள் வேறு ஊர்களையும் தேடத் தொடங்கினார்கள். இங்கே ஏற்கெனவே சீன வம்சாவளிக் குடும்பங்கள் இருந்தது பேச்சுக்கும் நம்பிக்கைக்கும் உதவியது.

ஆக, அந்நிய முதலீட்டாளர் பல நேரம் உங்கள் நாட்டுக்காக வருவதில்லை. உங்கள் நாட்டின் வழியாகப் போகக் கிடைக்கும் சந்தைக்காக வருகிறார். ஒரு மண்டலத்தைப் படிக்கும்போது அந்த நாட்டுக்கு யார் யாரோடு வர்த்தக ஒப்பந்தம் இருக்கிறது என்ற பட்டியலைத் தேடி எடுங்கள். மொரிசியஸுக்குச் சீனாவோடு 2021 ஜனவரி 1 முதலும், இந்தியாவோடு அதே ஆண்டு ஏப்ரல் 1 முதலும் ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது.

படி 5: யார் கையால் நடக்கிறது?

இந்தப் படியை வெறும் எண்ணாகக் கடந்துபோக எனக்கு மனமில்லை. புள்ளிவிவரத்தில் "மலிவான, எழுத்தறிவுள்ள உழைப்பு" என்று ஒரு வரியில் எழுதுவார்கள். அந்த வரிக்குள் இருந்தவர்கள் எங்கள் அம்மாக்களும் சித்திகளும் அத்தைகளும். ஊரில் 'ஸோன்' என்றாலே போதும், எல்லாருக்கும் புரியும். விடியுமுன் ஆலைப் பேருந்து வரும். வீட்டைவிட்டு வெளியே போய்ச் சம்பளம் வாங்கிய முதல் தலைமுறைப் பெண்கள் பலர் அந்தப் பேருந்தில் ஏறியவர்கள்தான். பிள்ளைகளின் படிப்புக்கும், கல்வீட்டுக்கும், மகள் கல்யாணத்துக்கும் அந்தப் பணம் போனது. அதே நேரத்தில், மண்டலச் சட்டம் வாரத்துக்குப் பத்து மணி நேரம் வரை மிகை நேர வேலையைக் கட்டாயமாக்கவும் ஆலைக்கு இடம் கொடுத்தது. காவடிக்கு விரதம் இருக்கும் நாட்களிலும் ஆர்டர் காத்திருக்காது.

முதலீட்டாளரின் தாளில் கூலி 20 ரூபாய். உங்கள் தாளில் அதன் பக்கத்தில் இன்னொரு கட்டம் போடுங்கள்: இந்தக் கூலியில் இந்த ஊரில் ஒரு குடும்பம் நடக்குமா? கூலி வாழப் போதாவிட்டால் ஆட்கள் நிற்க மாட்டார்கள், பழகிய கை போய்விடும், தரம் விழும். அது முதலாளிக்கும் செலவுதான்.

படி 6: உள்ளூர்ப் பணம் உள்ளே இருக்கிறதா?

வெளிநாட்டவர் மட்டும் பணம் போட்ட மண்டலம் ஒரே நாளில் காலியாகலாம். மொரிசியஸில் 1974 வாக்கில் சர்க்கரை விலை உச்சத்துக்கு ஏறியபோது, தோட்ட முதலாளிகள் அந்த லாபத்தின் ஒரு பகுதியை ஆலைகளில் போட்டார்கள். காலப்போக்கில் மண்டலத்து முதலீட்டில் ஏறத்தாழப் பாதி உள்ளூருடையது. உள்ளூர்க்காரர் தன் பணத்தைப் போடுகிறார் என்றால், வெளியாளுக்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். அரசு மாறியபோதும் சட்டத்தின் அடிப்படையை யாரும் கைவைக்காததும் இதில் சேரும்.

படி 7: சலுகை போனபின் என்ன நிற்கும்?

2005 ஜனவரி 1-ஆம் தேதி உலகம் முழுவதும் ஆடைக் கோட்டா முடிந்தது. படி 4-இல் பார்த்த காரணம் ஒரே இரவில் வலுவிழந்தது. ஹாங்காங் முதலாளிகள் பலர் ஆலையை மூடினார்கள், வேலையிழந்த பெண்கள் ஏராளம். 2006-இல் மண்டலத்துக்கென்றிருந்த தனிச் சலுகை முறையையே அரசு எடுத்துவிட்டு, எல்லாக் கம்பெனிக்கும் 15 சதவீத வரி என்ற பாதைக்கு நகர்ந்தது. பொருள் ஏற்றுமதி லாபத்துக்கு இப்போது 3 சதவீதம். நின்று பிடித்தவை, சொந்தமாக நூல் நூற்று, துணி நெய்து, டிசைனும் செய்யக் கற்றுக்கொண்ட ஆலைகள். பெரும்பாலும் உள்ளூர்க்காரர்களுடையவை.

துறைமுகத்தை ஒட்டி 1992-இல் சட்டம் போட்டு உருவாக்கிய ஃப்ரீபோர்ட் வேறு ரகம். அங்கே முக்கிய வேலை சரக்கை இறக்கி வைத்து, பிரித்து, மறுபடி ஏற்றுமதி செய்வது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மறுபக்க உதாரணமும் இங்கேயே இருக்கிறது. ரிஷ் தேரில் சீன முதலீட்டோடு ஜின்ஃபெய் மண்டலம் அறிவிக்கப்பட்டது. காய்கறி பயிரிட்டுக்கொண்டிருந்தவர்களை வெளியேற்றி நிலம் எடுத்தார்கள். சலுகை இருந்தது, துறைமுகமும் கூப்பிடு தூரம். ஆனாலும் பல ஆண்டுகள் பெரும்பகுதி வெறும் நிலமாகவே கிடந்தது. படி 2 முதல் 6 வரை அதற்கும் போட்டுப் பாருங்கள். எந்தச் சரக்கு, எந்தச் சந்தைக்கு, யார் கையால் என்ற கட்டங்களில் தெளிவான விடை எழுத முடியாது.

படி 8: உங்கள் ஊர் மண்டலத்துக்குப் போடுங்கள்

தாம்பரமோ கட்டுநாயக்காவோ, நீங்கள் இருக்கும் ஊருக்குப் பக்கத்தில் உள்ள மண்டலத்தை எடுங்கள். அங்கே உண்மையில் தயாராகும் ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். சுங்கப் பட்டியலில் அதன் குறியீட்டு எண்ணைப் பிடியுங்கள். ஆறு இலக்கம் வரை உலகெங்கும் அது ஒன்றுதான். அந்த எண்ணை வைத்து, மூலப்பொருளுக்கு உங்கள் நாட்டு வரி எவ்வளவு, முடிந்த பொருளுக்கு வாங்கும் நாட்டு வரி எவ்வளவு என்று இரண்டையும் எழுதுங்கள்.

கடைசியாக, தோற்ற விதியைப் பாருங்கள். வரியில்லாமல் நுழைய, பொருள் உங்கள் நாட்டில் எந்த அளவுக்கு உருவாகியிருக்க வேண்டும் என்பது அது. அமெரிக்கா 2000-இல் ஆப்பிரிக்க நாடுகளுக்குக் கொடுத்த சலுகையில், வறிய நாடுகள் எந்த நாட்டுத் துணியையும் பயன்படுத்தலாம் என்று இருந்தது. மொரிசியஸுக்கு ஆரம்பத்தில் அந்தத் தளர்வு கிடைக்கவில்லை. நூலே இங்கோ, சலுகை பெற்ற மற்ற நாட்டிலோ, அமெரிக்காவிலோ நூற்றிருக்க வேண்டும். அதனால் இங்கே நூற்பாலையில் பணம் போட வேண்டிய தேவை வந்தது. உங்கள் பொருளுக்கு அந்த விதி என்ன சொல்கிறது என்று படித்து, சட்டைக் கணக்கில் 60 ரூபாய் என்று எழுதிய இடத்தில் உண்மையான எண்ணைப் போடுங்கள்.