செப்புக்காசு அசலா, போலியா: கண்ணை மட்டும் நம்பாதீர்கள்

பழைய செப்புக்காசு ஒன்று கைக்கு வந்ததும் பலர் செய்யும் முதல் வேலை, புளி போட்டுத் தேய்ப்பது. தயவுசெய்து வேண்டாம். மேலே படிந்திருக்கும் பழுப்பும் பச்சைக் களிம்பும் அந்தக் காசின் வயதுக்குச் சாட்சி. புளியும் எலுமிச்சையும் அந்தச் சாட்சியை அழித்துவிடும். அசல் காசாகவே இருந்தாலும், தேய்த்துப் பளபளக்க வைத்ததைச் சேகரிப்பாளர்கள் விரும்புவதில்லை.

அதற்காக, களிம்பு இருந்தாலே அசல் என்று முடிவு கட்டவும் கூடாது. ரசாயனம் தடவிச் சீக்கிரமே பச்சை வரவழைக்கலாம், வண்ணமும் பூசலாம். அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்தால் வண்ணப்பூச்சு ஒட்டிக்கொண்டு வரும். வராவிட்டால் அது வண்ணம் இல்லை என்று மட்டும்தான் பொருள். காந்தச் சோதனையும் அப்படித்தான். ஒட்டினால் இரும்பு கலந்த போலி. ஒட்டாவிட்டால் பித்தளையாகவும் இருக்கலாம்.

அதிகம் பேர் ஏமாறுவது ‘ராமர் காசில்’தான். ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ இருக்கும். மறுபக்கம் ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி, ஒன் அணா, 1818’ என்று ஆங்கிலத்தில் இருக்கும். கம்பெனி அப்படி ஒரு காசை வெளியிடவே இல்லை. 1835-இல் ஒரே சீரான நாணய முறை வந்தபின் கம்பெனி செம்பில் அடித்தவை அரையணா, காலணா, அணாவில் பன்னிரண்டில் ஒரு பங்கான தம்பிடி போன்ற சில்லறைகள்தான். ஒரு அணா நாணயம் பிரிட்டிஷ் மன்னர் ஏழாம் எட்வர்ட் காலத்தில்தான் வந்தது, அதுவும் நிக்கல் கலந்த உலோகத்தில். சென்னையில் கம்பெனி அடித்த வராகனில் சாமி உருவம் உண்டே என்று சிலர் வாதிடுவார்கள். உண்மைதான், ஆனால் வராகன் தங்கம். ராமர் காசுகள் பக்தர்களுக்காகப் பிற்காலத்தில் அடித்த வில்லைகள். இவற்றுக்கு அரிசியை இழுக்கும் சக்தி உண்டு என்று சொல்லி லட்சக்கணக்கில் பேரம் பேசும் கும்பல்களும் இருக்கின்றன. கேட்டவுடன் விலகிவிடுங்கள்.

அசல் 1835 காலணாவில் ஒரு பக்கம் கம்பெனியின் சின்னமும் ஆண்டும் இருக்கும், மறுபக்கம் இலை வளையத்துக்குள் மதிப்பு இருக்கும். எடை 100 கிரெயின், அதாவது சுமார் 6.48 கிராம், அரையணா அதில் இரு மடங்கு. சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தேய்ந்த காசு கொஞ்சம் குறையலாம். கூடுதலாக நின்றால் கட்டாயம் சந்தேகப்பட வேண்டும். அப்புறம் விளிம்பைப் பாருங்கள். அச்சில் வார்த்த போலியில் சுற்றிலும் ஒட்டுக்கோடு தெரியும். எழுத்துகள் மழுங்கியிருக்கும், லென்ஸில் பார்த்தால் குமிழிக் குழிகளும் இருக்கும்.

இதே அளவுகோலைச் சோழர் காசுக்குப் பிடித்தால் அசலையே தூக்கி எறிந்துவிடுவோம். அவை கையால் சுத்தியல் கொண்டு அடித்தவை. உருவம் ஓரமாக நகர்ந்திருப்பதும் விளிம்பு ஒழுங்கற்று இருப்பதும் இயல்பு. ராஜராஜன் காசில் தமிழ் எழுத்தைத் தேடி, காணோம் என்று போலி என்பவர்களும் உண்டு. அதில் பெயர் வடமொழி எழுதப் பயன்படும் நாகரி எழுத்தில்தான் இருக்கிறது. நிற்கும் உருவம் ஒரு பக்கம், அமர்ந்த உருவம் மறுபக்கம் என்ற அதே பாணியில் இலங்கை மன்னன் பராக்கிரமபாகுவும் காசு அடித்திருக்கிறான். எனவே பெயரைப் படிக்காமல் எந்த மன்னன் காசு என்று சொல்லிவிட முடியாது. படிக்கத் தெரியாவிட்டால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயக் காட்சிக்கூடத்தில் உள்ள அசல்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மண்ணைத் தோண்டும்போது கிடைத்த காசு என்றால், 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லி, பழைய காசை வாங்குகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று யாராவது அழைத்தால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். தனக்கும் இந்த வியாபாரத்துக்கும் சம்பந்தமில்லை என்று அந்த வங்கியே 2021-இல் அறிவித்திருக்கிறது.