மில்லா, நிமிடமா? கோண அலகுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

துவக்கில் பொருத்தும் ஸ்கோப்பின் (குறிபார்க்கும் தொலைகாட்டியின்) அளவுகள் மில்லில் இருக்க வேண்டுமா, கோண நிமிடத்தில் இருக்க வேண்டுமா என்ற வாதம், குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் ஈடுபடும் அமெரிக்கர்களிடையேயும் ஐரோப்பியர்களிடையேயும் நெடுங்காலமாக நடந்து வருகிறது. காணொளிகளின் வழியே அது யாழ்ப்பாணத்து உயர்தரக் கணித மாணவர்களையும் எட்டிவிட்டதால், ரியூசன் முடிந்து சைக்கிளை எடுக்கும் நேரத்திலும் பிள்ளைகள் இரு கட்சியாகப் பிரிந்து ஒருவரையொருவர் கேலி செய்துகொள்கிறார்கள். கேட்பதற்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் இரு கட்சியும் முன்வைக்கும் காரணங்களில் பல கணக்குப்படி பிழையானவை என்பதாலும், கோணத்தைப் பிழையாக விளங்கிக்கொண்ட பிள்ளை அந்தப் பிழையைத் திரிகோண கணிதம் முழுவதிலும் சுமந்து செல்லும் என்பதாலும், அவற்றை இங்கே எடுத்துப் பேசுவது அவசியமாகிறது.

முதலில் வரைவிலக்கணம். ஒரு முழு வட்டம் 360 பாகை. ஒரு பாகை 60 நிமிடம். ஆகவே ஒரு வட்டத்தில் 21,600 நிமிடங்கள் உள்ளன. ஆரையன் என்பது ஆரைக்குச் சமமான நீளமுள்ள வில் வட்டத்தின் மையத்தில் அமைக்கும் கோணம். மில் என்பது ஒரு ஆரையனின் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு வட்டத்தில் 2π ஆரையன்கள் இருப்பதால், மில் கணக்கில் அது ஏறத்தாழ 6283.19 ஆகும். ஒரு மில் 3.438 நிமிடத்துக்குச் சமம்.

மிகப் பரவலான தவறு, மில்லை மெற்றிக் அளவு என்றும் நிமிடத்தை அங்குலக் கட்சியின் அளவு என்றும் நினைப்பது. காணியைப் பரப்பிலும் துணியை மீற்றரிலும் பேசிப் பழகிய நமக்கு எந்த அலகையும் பழையது, புதியது என்று பிரித்துவிடுவது எளிதாக வருகிறது. கோணத்தில் அந்தப் பிரிவுக்கு இடமே இல்லை. கோணம் என்பது வில்லின் நீளத்தை ஆரையால் வகுத்துப் பெறும் விகிதம். மேலும் கீழும் ஒரே நீள அலகு நிற்பதால் அது வெட்டுண்டு போய்விடுகிறது. பருத்தித்துறை வெளிச்சவீட்டை எடுத்துக்கொள்வோம். 1916 இல் கட்டப்பட்ட அதன் உயரம் 32 மீற்றர், அதாவது 105 அடி. மில் கோடுகள் பொறித்த தொலைகாட்டியினால் கடலில் இருந்து பார்க்கும் ஒருவருக்கு அந்தக் கோபுரம் அடியிலிருந்து உச்சிவரை 8 மில் அளவுக்குத் தெரிகிறது என்று வைத்துக்கொண்டால், 32 ஐ 8 ஆல் வகுத்து 1000 ஆல் பெருக்க 4000 மீற்றர் தூரம் கிடைக்கும். மெற்றிக்கை விரும்பாதவர் 105 ஐ 8 ஆல் வகுத்து 1000 ஆல் பெருக்கட்டும். 13,125 அடி என்று வரும். இரண்டும் ஒரே தூரம்தான். நிமிடக் கோடுகள் பொறித்த தொலைகாட்டி அதே கோபுரத்தை 27.5 நிமிடமாகக் காட்டும். அப்போது 1000 க்குப் பதிலாக 3438 ஆல் பெருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு மாற்றம் எதுவும் இல்லை, விடையும் அதே 4000 மீற்றர்தான்.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதும் தெளிவு. 100 மீற்றர் தூரத்தில் 0.1 மில் சரியாக ஒரு சென்ரிமீற்றரை அடைக்கிறது. 100 யார் தூரத்தில் ஒரு நிமிடம் ஏறத்தாழ ஓர் அங்குலத்தை அடைக்கிறது. மனக்கணக்குக்கு வசதியான இந்த இரண்டு இணைகளையும் அலகின் இயல்பாகவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஆரையன் என்ற பெயர் 1873 இல் பெல்பாஸ்ற்றில் ஜேம்ஸ் தொம்சன் தயாரித்த பரீட்சை வினாத்தாளில் அச்சேறியது. மீற்றரோ பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தது; இரண்டும் ஒன்றாகப் பிறந்தவை அல்ல. பாகையையும் நிமிடத்தையும் சர்வதேச அலகு முறையே தன் அலகுகளோடு சேர்த்துப் பயன்படுத்த அனுமதித்திருக்கிறது என்பதை மில் கட்சியினர் கவனிக்க வேண்டும்.

நிமிடக் கட்சியினரின் பெருந்தவறு அந்த "ஏறத்தாழ" என்ற சொல்லை விழுங்கிவிடுவது. 100 யார் என்பது 3600 அங்குலம். ஒரு நிமிடம் π/10,800 ஆரையன். இரண்டையும் பெருக்கினால் π/3, அதாவது 1.047 அங்குலம் கிடைக்கும். கிட்டத்தில் இந்த வித்தியாசம் கண்ணுக்குப் படாது. 1000 யார் தூரத்துக்கு 30 நிமிடம் திருத்த வேண்டிய இடத்தில், நிமிடத்தை அங்குலமாக வைத்துக் கணக்கிட்டவர் 300 அங்குலம் என்று நினைத்திருக்க, ஸ்கோப்பின் குறியைத் திருத்தும் திருகு உண்மையில் 314 அங்குலம் நகர்த்தியிருக்கும். 100 யாருக்குச் சரியாக ஓர் அங்குலம் என்று அமைத்த திருகுகளும் உண்டு; அது மூன்றாவது அலகு, அதை நிமிடம் என்று அழைக்கக் கூடாது.

மில்லிலும் இதே குழப்பம் இருக்கிறது. 6283.19 என்ற எண்ணை வைத்துத் திசைகாட்டியின் வட்டத்தைச் சமமாகப் பிரிக்க முடியாது என்பதால், நேட்டோ நாடுகள் வட்டத்தை 6400 ஆகவும் சோவியத் முறை 6000 ஆகவும் பிரித்தன. 6400 இல் ஒன்று உண்மையான மில்லைவிட 1.8 சதவீதம் சிறியது. 6000 இல் ஒன்று 4.7 சதவீதம் பெரியது. (இந்த இரண்டாவது விகிதமும் சரியாக π/3 தான். அங்குலக் கணக்கில் வந்த அதே எண் இங்கேயும் வந்து நிற்பதைப் பிள்ளைகள் தாங்களே நிறுவிப் பார்க்கலாம், நல்ல பயிற்சி.) திசைகாட்டி 1500 என்று காட்டுமானால், 6000 பிரிவுள்ள கருவியில் அது 90 பாகை, 6400 பிரிவுள்ள கருவியில் 84 பாகைக்குச் சற்று மேல். ஸ்கோப்புகளில் இப்போது பெரும்பாலும் உண்மையான மில்லே இருக்கிறது. ஆகவே திசைகாட்டியில் வாசித்த எண்ணை ஸ்கோப்பின் எண்ணோடு கலக்காதிருப்பதே பாதுகாப்பு.

பார்வைக்குள் தெரியும் கோடுகள் மில்லிலும் திருகு நிமிடத்திலும் அமைந்த ஸ்கோப்புகள் ஒருகாலத்தில் பரவலாக விற்கப்பட்டன. கோட்டில் ஒரு மில் விலகலைக் கண்டவர் ஒரு கிளிக்குக்கு, அதாவது திருகின் ஒரு படிக்கு, கால் நிமிடம் நகரும் திருகில் 13.75 கிளிக் திருப்ப வேண்டும். முக்கால் கிளிக் என்று ஒன்று கிடையாது. இரண்டும் ஒரே அலகில் இருந்தால் கண்ட எண்ணை அப்படியே திருப்பலாம். எந்த அலகு என்ற சண்டையைவிட இந்த ஒற்றுமைதான் முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

கிளிக் சிறிதாக இருப்பதால் நிமிடம் துல்லியமானது என்ற வாதமும் நிற்காது. 100 மீற்றரில் கால் நிமிடம் 7.3 மில்லிமீற்றர், 0.1 மில் 10 மில்லிமீற்றர் என்பது உண்மைதான். ஆனால் 0.05 மில் கிளிக் உள்ள திருகுகளும் செய்யப்படுகின்றன, அது 5 மில்லிமீற்றர். கிளிக்கின் அளவைத் தீர்மானிப்பவர் தயாரிப்பாளரே.

உருப்பெருக்கத்தை மறப்பது இன்னொரு தவறு. சில ஸ்கோப்புகளில் உருப்பெருக்கத்தை மாற்றும்போது காட்சி மட்டும் பெரிதாகிச் சிறிதாகும், கோடுகள் மாறாமல் நிற்கும். அத்தகைய கோடுகள் ஒரேயொரு உருப்பெருக்கத்தில்தான் சரி. 10 மடங்கில் சரியான கோடுகளை 5 மடங்கில் வைத்து வாசித்தால், அந்த வெளிச்சவீடு 8 கோடுகளுக்குப் பதிலாக 4 கோடுகளையே அடைக்கும். கணக்கும் 4 கிலோமீற்றரை 8 கிலோமீற்றர் ஆக்கிவிடும்.

நிமிடம் வழக்கொழிந்த அலகு என்று சொல்லும் பிள்ளைகள் குருநகருக்கோ மயிலிட்டிக்கோ போய்க் கடற்றொழிலாளர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். அகலக்கோட்டில் ஒரு நிமிடம் ஏறத்தாழ ஒரு கடல் மைல், அதாவது 1852 மீற்றர். பாக்கு நீரிணையில் ஜிபிஎஸ் பார்த்துப் படகு ஓட்டுபவருக்கு இது நாளாந்தக் கணக்கு. அங்கேயும் அலகுத் தவறு உண்டு, விளைவும் பெரிது. 9 பாகை 40.5 நிமிடம் என்பது 9 பாகை 40 நிமிடம் 30 செக்கன். அதை 40 நிமிடம் 5 செக்கன் என்று பதிந்தால் இடம் ஏறத்தாழ 770 மீற்றர் விலகும், 9.405 பாகை என்று பதிந்தால் 16 கடல் மைல்களுக்கு மேல், அதாவது 30 கிலோமீற்றர் விலகும். பாகை மட்டும், பாகையும் நிமிடமும், பாகையும் நிமிடமும் செக்கனும் என்ற மூன்று வடிவங்களில் எது கருவியில் தெரிவாகியிருக்கிறது என்பதைப் பார்த்துக்கொண்ட பிறகே எண்ணை இன்னொரு படகுக்குச் சொல்ல வேண்டும். சொல்லும்போது "நாற்பது புள்ளி ஐந்து நிமிடம்" என்று அலகையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.