கம்ப்யூட்டரில் 5.1 ஸ்பீக்கர் இணைப்பது எப்படி? ஆறு சேனலும் தனித்தனியாக ஒலிக்க ஒரு செய்முறை

ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் (கனத்த பேஸ் ஒலிக்கான பெட்டி) வாங்கி, பச்சை பின்னை மட்டும் கம்ப்யூட்டரில் செருகி, எல்லாப் பெட்டியிலும் சத்தம் வந்ததும் "சரவுண்ட் வந்துவிட்டது" என்று நிறுத்திக்கொள்ளும் வீடுகள் நிறைய. அங்கே நடப்பது வேறு. இரண்டு சேனல் (தனித்தனி ஒலிப் பாதை) ஒலியை வாங்கி ஆம்ப்ளிஃபயர் எல்லாப் பெட்டிக்கும் பங்கு போட்டுக் கொடுக்கிறது. முன்னால் இருக்கும் பெட்டி பேசும் வசனத்தையே முதுகுக்குப் பின்னால் இருப்பதும் பேசும்.

படத்தில் நமக்குப் பின்னால் ஒரு கதவு சாத்தப்பட்டால், அந்தச் சத்தம் பின்பக்கப் பெட்டியிலிருந்து வர வேண்டும். அதற்கு ஆறு சேனலும் கம்ப்யூட்டரிலிருந்தே பிரிந்து புறப்பட்டு, கலக்காமல் போய்ச் சேர வேண்டும். இதற்குப் பெரிய செலவு இல்லை. மூன்று வயர், விண்டோஸில் சில கிளிக், கொஞ்சம் பொறுமை போதும். விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள டெஸ்க்டாப், மதர்போர்டிலேயே உள்ள ரியல்டெக் ஒலி வசதி, கடையில் கிடைக்கும் சாதாரண 5.1 செட் ஆகிய மூன்றையும் வைத்தே விளக்குகிறேன்.

முதலில் இரண்டு பெட்டிகளின் முதுகைப் பாருங்கள்

ஸ்பீக்கர் செட்டிலிருந்து ஆரம்பிப்போம். அட்டைப்பெட்டியில் 5.1 என்று பெரிதாக அச்சடித்திருந்தாலும், பல செட்டுகளில் உள்ளே வரும் வழி ஸ்டீரியோ ஆக்ஸ் (இரண்டு சேனல் மட்டும் வாங்கும் சாக்கெட்), ப்ளூடூத், பென் டிரைவ் மட்டும்தான். இவற்றில் கம்ப்யூட்டரின் ஆறு சேனல் நுழைய வழியே கிடையாது. நீங்கள் தேடவேண்டியது "5.1 இன்புட்" அல்லது "டிவிடி இன்புட்" என்று எழுதி, வரிசையாக ஆறு ஆர்சிஏ சாக்கெட் (வெள்ளை, சிவப்புப் பின் செருகும் வட்டச் சாக்கெட்) உள்ள செட். அல்லது மூன்று 3.5 மி.மீ. சாக்கெட் உள்ளது, லாஜிடெக் இசட்906 போன்றவற்றில் அப்படித்தான் இருக்கும். வாங்கும் முன் கடைக்காரரிடம் செட்டைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். அதில் தயக்கமே வேண்டாம்.

அடுத்து கம்ப்யூட்டர். சிபியுவின் பின்பக்கம் வட்ட வட்டமான சாக்கெட்டுகள் வெவ்வேறு நிறத்தில் இருக்கும். பிசி 99 என்ற வழிகாட்டியின் காலத்திலிருந்து தொடரும் நிறப் பழக்கம் இது. பச்சை முன் இடது வலது, கறுப்பு பின் இடது வலது, ஆரஞ்சு சென்டரும் (முன் நடுப்பெட்டி) சப்வூஃபரும். நீலம் லைன் இன், ரோஸ் மைக்.

பச்சை, நீலம், ரோஸ் என மூன்றே சாக்கெட் இருந்தாலும் கவலை வேண்டாம். பெரும்பாலான ரியல்டெக் போர்டுகளில் நீலத்தைப் பின் ஸ்பீக்கருக்கும், ரோஸை சென்டர்-சப்வூஃபருக்கும் சாஃப்ட்வேர் வழியாக மாற்றிக்கொள்ளலாம். மைக்கை கேபினெட்டின் முன்பக்கச் சாக்கெட்டுக்கு மாற்றிவிடுங்கள். இரண்டே சாக்கெட் உள்ள போர்டு என்றாலும், ஒரே ஹெட்போன் சாக்கெட் உள்ள லேப்டாப் என்றாலும், தனியாக ஒரு யுஎஸ்பி சவுண்ட் கார்டு வேண்டும். அதை வாங்கும்போதும் உஷார்: "7.1 விர்ச்சுவல்" என்று எழுதி ஒரே ஒரு ஹெட்போன் துளையோடு விற்கும் சிறிய குச்சிகள் நமக்கு உதவாது. முன், பின், சென்டர் மூன்றுக்கும் தனித்தனித் துளை இருக்க வேண்டும்.

வயர் இணைப்பு

ஆறு ஆர்சிஏ உள்ள செட்டுக்குத் தேவை, ஒரு முனையில் 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின்னும் மறுமுனையில் வெள்ளை, சிவப்பு ஆர்சிஏ பின்னும் உள்ள வயர். மூன்று வேண்டும். சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடத்திலும், ஊரில் எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். சிபியுவுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் உள்ள தூரத்தை அளந்துகொண்டு போங்கள். பின்னை இழுத்துப் பிடிக்கும் அளவுக்கு வயர் குட்டையாக இருந்தால் சில மாதத்தில் கரகரப்பு வரும்.

இணைக்கும் முன் கம்ப்யூட்டர், ஆம்ப்ளிஃபயர் இரண்டின் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். பல செட்டுகளில் ஸ்பீக்கருக்குப் போகும் அவுட்புட்டும் ஆர்சிஏ சாக்கெட்தான், உள்ளே வரும் இன்புட்டும் ஆர்சிஏதான். பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி இருக்கும். கம்ப்யூட்டர் வயரைத் தவறியும் ஸ்பீக்கர் அவுட்புட்டில் செருகாதீர்கள். சவுண்ட் கார்டோ ஆம்ப்ளிஃபயரோ பழுதாகலாம். எழுத்து சின்னதாக இருந்தால் மொபைல் டார்ச் அடித்துப் படித்துவிட்டுச் செருகுங்கள்.

முதல் வயர்: பச்சை சாக்கெட்டிலிருந்து எஃப்எல், எஃப்ஆர் (முன் இடது, முன் வலது). வெள்ளை இடது, சிவப்பு வலது. இரண்டாவது வயர்: கறுப்பிலிருந்து எஸ்எல், எஸ்ஆர் (பின் இடது, பின் வலது), அதே முறையில். மூன்றாவது வயர்: ஆரஞ்சிலிருந்து வெள்ளை சென்டருக்கு, சிவப்பு சப்வூஃபருக்கு. இந்த மூன்றாவது வயரில்தான் சென்டரும் சப்வூஃபரும் இடம் மாறிப்போவது சகஜம். எப்படிக் கண்டுபிடிப்பது என்று டெஸ்ட் செய்யும்போது பார்ப்போம்.

ஸ்பீக்கர் வயர் ஸ்ப்ரிங் கிளிப்பில் மாட்டும் வகை என்றால், சிவப்பு சிவப்பிலும் கறுப்பு கறுப்பிலும் போகிறதா என்று ஒவ்வொரு பெட்டியாகப் பாருங்கள். முன்னிரண்டில் ஒன்று மட்டும் மாறியிருந்தாலும் பேஸ் மெலிந்து, பாடகரின் குரல் நடுவில் நிற்காமல் கலைந்துவிடும். வயரில் நிறமே இல்லாவிட்டால் ஒரு 1.5 வோல்ட் பென்சில் பேட்டரி போதும். ஸ்பீக்கர் வயரை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றிவிட்டு, அதன் இரு முனையையும் பேட்டரியில் ஒரு நொடி தொடுங்கள். 'டப்' என்ற சத்தத்தோடு கூம்பு வெளியே தள்ளினால், பேட்டரியின் பிளஸ்ஸைத் தொட்ட முனைதான் சிவப்பு. உள்ளே போனால் மற்ற முனை.

எல்லாம் முடிந்ததும் ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்து, ரிமோட்டில் இன்புட் பட்டனை அழுத்தி 5.1 அல்லது டிவிடி என்பதற்குக் கொண்டுவாருங்கள். ஆக்ஸில் விட்டுவிட்டால் இவ்வளவு வயர் இழுத்ததும் வீண்.

விண்டோஸுக்குச் சொல்வது

விண்டோஸ் தானாக ஸ்டீரியோ என்றே நினைத்துக்கொண்டிருக்கும். நாம்தான் சொல்ல வேண்டும்.

1. டாஸ்க்பாரில் உள்ள ஸ்பீக்கர் ஐகானை ரைட் கிளிக் செய்யுங்கள். விண்டோஸ் 10 என்றால் 'சவுண்ட்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து 'பிளேபேக்' பக்கத்துக்குப் போங்கள். விண்டோஸ் 11 என்றால் 'சவுண்ட் செட்டிங்ஸ்' திறந்து, கீழே இறங்கி 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்'.

2. பட்டியலில் ரியல்டெக் பெயரோடு உள்ள 'ஸ்பீக்கர்ஸ்' மீது ஒரு கிளிக். 'செட் டீஃபால்ட்' அழுத்துங்கள். மானிட்டரின் ஹெச்டிஎம்ஐ ஒலி டீஃபால்ட்டாக இருந்தால் ஸ்பீக்கரில் ஒன்றும் வராது.

3. இடது கீழ் மூலையில் 'கன்ஃபிகர்'. வரும் பட்டியலில் '5.1 சரவுண்ட்' தேர்வு செய்யுங்கள். சோபாவைச் சுற்றி ஸ்பீக்கர்கள் நிற்பது போல ஒரு படம் தெரியும்.

4. 'நெக்ஸ்ட்' கொடுத்தால் எந்தெந்த ஸ்பீக்கர் உண்டு என்று கேட்கும். எல்லாவற்றிலும் டிக் இருக்கட்டும். அதற்கடுத்து 'ஃபுல் ரேஞ்ச் ஸ்பீக்கர்ஸ்' என்ற பக்கம். உங்கள் பெட்டிகள் உள்ளங்கை அளவு என்றால் இங்கே டிக்கை எடுத்துவிடுங்கள். டிரைவர் (சவுண்ட் கார்டை விண்டோஸோடு பேச வைக்கும் சாஃப்ட்வேர்) ஒத்துழைத்தால், சின்னப் பெட்டிகள் தாங்காத கனத்த ஒலி சப்வூஃபருக்குத் திருப்பிவிடப்படும். 'ஃபினிஷ்'.

பட்டியலில் 5.1 என்பதே தெரியவில்லையா? பெரும்பாலும் டிரைவர்தான் காரணம். விண்டோஸ் தானாகப் போட்டுக்கொண்ட பொது டிரைவருக்குப் பதிலாக, உங்கள் மதர்போர்டு கம்பெனியின் தளத்தில் அந்த மாடலுக்கான ஆடியோ டிரைவரை இறக்கிப் போட்டு, ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதோடு 'ரியல்டெக் ஆடியோ கன்சோல்' வரும். பழைய டிரைவர் என்றால் கண்ட்ரோல் பேனலில் 'ரியல்டெக் ஹெச்டி ஆடியோ மேனேஜர்' இருக்கும். மூன்று சாக்கெட் போர்டு வைத்திருப்பவர்களுக்கு வேலை இங்கேதான். பின்னைச் செருகியதும் "எதைச் செருகினீர்கள்?" என்று ஒரு பெட்டி வரும். நீலத்துக்கு 'ரியர் ஸ்பீக்கர் அவுட்', ரோஸுக்கு 'சென்டர்/சப்வூஃபர் அவுட்' என்று பதில் கொடுங்கள்.

பிளேபேக் பக்கத்தில் இன்னொரு வேலையும் முடித்துவிடலாம். 'ப்ராப்பர்டீஸ்', 'அட்வான்ஸ்டு' போய் 48000 ஹெர்ட்ஸ் வையுங்கள். படங்களின் ஒலி பெரும்பாலும் அந்த அளவில்தான் பதிவாகியிருக்கும்.

ஒவ்வொரு பெட்டியாக டெஸ்ட்

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். 'கன்ஃபிகர்' பக்கத்துப் படத்தில் ஒவ்வொரு ஸ்பீக்கரையும் கிளிக் செய்தால் அதில் மட்டும் ஒலி வர வேண்டும். திரையைப் பார்க்காமல், வீட்டில் ஒருவரைக் கிளிக் செய்யச் சொல்லிவிட்டு, நீங்கள் உட்காரும் இடத்தில் இருந்து எந்தப் பெட்டி ஒலித்தது என்று சொல்லுங்கள். காது ஏமாறாது.

இடதைக் கிளிக் செய்தால் வலதில் வருகிறதா? வெள்ளை, சிவப்பை மாற்றிச் செருகுங்கள். முன்னதைக் கிளிக் செய்தால் பின்னதில் வருகிறதா? பச்சையும் கறுப்பும் மாறியிருக்கிறது. ஒரு கிளிக்கில் எல்லாப் பெட்டியும் ஒலித்தால், ஆம்ப்ளிஃபயர் இன்னும் ஆக்ஸிலேயே இருக்கலாம் அல்லது ரியல்டெக்கில் 'ஸ்பீக்கர் ஃபில்' (ஸ்டீரியோ ஒலியை எல்லாப் பெட்டிக்கும் நிரப்பும் வசதி) ஆன் ஆகியிருக்கலாம்.

சென்டரைக் கிளிக் செய்யும்போது வூஃபர் பெட்டி மட்டும் மூடிய வாயோடு முனகுவது போல ஒலித்தால், அந்த மூன்றாவது வயரில் இரண்டும் இடம் மாறிவிட்டன. ஆரஞ்சு வயரின் இரண்டு ஆர்சிஏ பின்னையும் மாற்றிச் செருகினால் போதும். ஒரே 3.5 பின்னாகப் போகும் செட் என்றால் ரியல்டெக்கில் 'ஸ்வாப் சென்டர் சப்வூஃபர்' என்ற டிக் இருக்கும். இதைக் கவனிக்காமல் விட்டால் படத்தில் வசனமே கேட்காது, பாட்டு மட்டும் அதிரும். "இந்தப் படத்தில் வசனம் சரியில்லை" என்று பலர் குறைப்படுவது இதனால்தான்.

எங்கே வைப்பது

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி, முன் இரண்டும் நடுக்கோட்டிலிருந்து 30 டிகிரி இடமும் வலமும், பின் இரண்டும் 100 முதல் 120 டிகிரிக்குள். டிகிரியை அளக்க வேண்டாம். முன் இரண்டு பெட்டியும் உங்கள் தலையும் சம பக்க முக்கோணமாக இருந்தால் சரி. சென்டர் மானிட்டருக்கு நேர் கீழே, காதை நோக்கிச் சற்று நிமிர்த்தி.

பின் பெட்டிகளைப் பலர் அறையின் கடைசிச் சுவரில், சீலிங் ஒட்டி மாட்டிவிடுகிறார்கள். கணக்கைப் பார்த்தால் அவை நம் காதுக்கு நேர் பக்கத்திலிருந்து கொஞ்சம்தான் பின்னால் வர வேண்டும். நம் ஹால்களில் சோபா சுவரை ஒட்டி இருக்கும். அங்கே பின்னால் இடமே கிடையாது. அப்படியானால் இரு பக்கச் சுவரிலும், உட்கார்ந்த காதைவிடச் சற்று உயரத்தில் மாட்டுங்கள். நன்றாகவே இருக்கும்.

சப்வூஃபருக்கு மூலை வேண்டாம். அங்கே ஒலி குமுறும். நல்ல இடம் கண்டுபிடிக்க ஒரு பழைய வழி உண்டு. அதைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து, பேஸ் அதிகமுள்ள பாட்டைப் போட்டுவிட்டு, அறை ஓரமாகக் குனிந்து நடந்து பாருங்கள். எங்கே பேஸ் தெளிவாக, சீராகக் கேட்கிறதோ அங்கேயே சப்வூஃபரை வையுங்கள்.

பிறகு அளவு. டெஸ்ட் ஒலியைப் போட்டு, ஐந்து பெட்டியும் உங்கள் இருக்கையில் ஒரே அளவு கேட்கும்படி ரிமோட்டில் ஒவ்வொன்றாகக் கூட்டிக் குறையுங்கள். பக்கத்தில் இருக்கும் பின் பெட்டிகளைப் பெரும்பாலும் குறைக்கவே வேண்டியிருக்கும்.

'உம்ம்' என்று விடாமல் இரைந்தால், கம்ப்யூட்டரையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்கள். இரைச்சலை நிறுத்த எர்த் பின்னைக் கழற்றும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், உயிருக்கு ஆபத்து.

படம் போட்டுப் பார்ப்பது

விஎல்சியில் படத்தை ஓடவிட்டு 'டூல்ஸ்' மெனுவில் 'கோடெக் இன்ஃபர்மேஷன்' திறங்கள். ஆடியோ பகுதியில் சேனல்கள் '3எஃப்2ஆர்/எல்எஃப்இ' என்று இருந்தால் முன்னால் 3, பின்னால் 2, தனி பேஸ் சேனல் 1 என்று பொருள், அதுதான் 5.1 ஃபைல். 'ஸ்டீரியோ' என்று இருந்தால் பின் பெட்டிகள் சும்மா இருப்பதுதான் சரி, எதுவும் பழுதில்லை. யூடியூபில் பெரும்பாலான வீடியோக்களும், நாம் வைத்திருக்கும் பாட்டு ஃபைல்களும் ஸ்டீரியோதான். அவற்றை முன் இரண்டிலேயே கேளுங்கள். பதிவு செய்தவர்கள் அப்படிக் கேட்கத்தான் அமைத்திருக்கிறார்கள்.

5.1 ஃபைலாக இருந்தும் பின்னால் சத்தம் இல்லையென்றால், விஎல்சியின் 'ஆடியோ' மெனுவில் 'ஆடியோ டிவைஸ்' ரியல்டெக் ஸ்பீக்கரில் இருக்கிறதா என்று பாருங்கள். கேம் விளையாடுபவர்கள் விண்டோஸில் 5.1 வைத்த பிறகு கேமை மூடித் திறக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கேம் புது அமைப்பைக் கவனிக்காமல் போகலாம்.

ஏவி ரிசீவர் (ஹெச்டிஎம்ஐ வாங்கும் ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபயர்) வைத்திருப்பவர்களுக்கு மூன்று வயரும் வேண்டாம். கிராஃபிக்ஸ் கார்டிலிருந்து ஒரு ஹெச்டிஎம்ஐ வயர் எட்டுச் சேனல் வரை கொண்டுபோகும். விண்டோஸில் ரியல்டெக்குக்குப் பதில் அந்த ஹெச்டிஎம்ஐயைத் தேர்ந்தெடுத்து அதே 'கன்ஃபிகர்' செய்தால் போதும். ஆப்டிகல் வயரில் கம்ப்ரெஸ் செய்யாத ஒலி இரண்டு சேனல்தான் போகும். டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் உள்ள படங்களை மட்டும் 5.1 ஆக அனுப்பலாம், கேமுக்கு அது போதாது. ப்ளூடூத் வழியாக இந்த ஸ்பீக்கர் செட்டுகளுக்குப் போவது ஸ்டீரியோ மட்டுமே.