நூலகத்தில் எடுத்த புத்தகம்: கல்லூரி மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

படிப்பு முடிந்து சான்றிதழ் வாங்கக் கிளம்பும் வாரத்தில்தான் பலருக்கு நூலகம் ஞாபகத்துக்கு வருகிறது. பாக்கி எதுவும் இல்லை என்று நூலகம் கையெழுத்திட வேண்டிய ‘நோ டியூஸ்’ படிவத்தை நீட்டிக்கொண்டு ஒரு மாணவி வந்து நிற்கிறாள். கணினியில் பார்த்தால் அவள் பெயரில் ஒரு புத்தகம் இன்னும் திரும்பவில்லை. “போன வருஷமே குடுத்துட்டேனே மேடம்” என்கிறாள். கண் கலங்கிவிடுகிறது. அவள் சொன்னது பொய்யில்லை என்பது கொஞ்ச நேரத்தில் தெரியவந்தது. அவளும் அவள் தோழியும் ஒரே தலைப்பில் ஆளுக்கொரு பிரதி எடுத்திருக்கிறார்கள். விடுதி அறையில் இரண்டும் மாறிவிட்டன. இவள் கொண்டுவந்து கொடுத்தது தோழியின் பிரதி. தோழியின் கணக்கு அன்றே நேராகிவிட்டது. அவளுக்கு நினைவூட்டல் எதுவும் வரவில்லை. கையில் இருந்த பிரதியை அவள் மறந்தே போனாள்.

நூல் வழங்கும் மேசைக்குப் பின்னால் பல ஆண்டுகள் நின்றவள் நான். மாணவர்கள் மாட்டிக்கொள்ளும் சிக்கல்களில் பெரும்பாலானவை அலட்சியத்தால் வந்தவை அல்ல. நூலகம் எப்படிக் கணக்கு வைக்கிறது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்காததால் வந்தவை. அதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

கணக்கு தலைப்பின் பேரில் இல்லை

நூலகத்துக்கு வரும் ஒவ்வொரு பிரதிக்கும் தனியாக ஓர் எண் உண்டு. சேர்க்கை எண் என்பார்கள். அக்சஷன் நம்பர் என்றால் இன்னும் எளிதாகப் புரியும். ஒரே பாடநூலில் பத்துப் பிரதிகள் இருந்தால் பத்து எண்கள். உங்கள் கணக்கில் ஏறுவது அந்த எண்தான். தலைப்பு பக்கத்தில் துணைக்கு நிற்கிறது, அவ்வளவே. ஆகவே திருப்பிக் கொடுக்குமுன், முதல் பக்கத்து முத்திரையிலோ பார்கோடு சீட்டிலோ இருக்கும் எண்ணை உங்கள் கணக்கில் உள்ள எண்ணோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். அறைத்தோழர்கள் ஒரே புத்தகத்தை எடுத்திருந்தால் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

உங்கள் அட்டையில் நண்பருக்குப் புத்தகம் எடுத்துக் கொடுப்பதும் இதே வகைத் தவறு. அவர் நல்லவராகவே இருக்கட்டும். புத்தகம் தொலைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். அவரும் இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டால் அது எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது. நண்பருக்கு அட்டை இல்லையென்றால், அல்லது அவருடைய எண்ணிக்கை வரம்பு முடிந்திருந்தால், அந்தப் புத்தகத்தை நூலகத்திலேயே உட்கார்ந்து படிக்க முடியும். அதற்கு எந்த வரம்பும் இல்லை.

இன்னொன்று: புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு ஓடுவது. கூட்ட நேரத்தில் அப்படி வைத்த புத்தகம், ஸ்கேன் ஆகாமலே ஷெல்ஃபுக்குப் போய்விடுவது உண்டு. ஊழியர் பதிவு செய்யும்வரை நில்லுங்கள். திரும்பப் போடும் பெட்டி இருந்தால், அதில் போட்ட நேரம் கணக்கா, பெட்டியைத் திறந்து பதிவு செய்யும் நேரம் கணக்கா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு விதமாகவும் நூலகங்கள் வைத்திருக்கின்றன. அன்று இரவே உங்கள் கணக்கைத் திறந்து, அந்தப் புத்தகம் பட்டியலிலிருந்து நீங்கிவிட்டதா என்று பார்த்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம். நீங்கவில்லை என்றால் மறுநாளே போய்ச் சொல்லுங்கள். ஷெல்ஃபில் தேடி எடுத்துவிடுவோம். ஆறு மாதம் கழித்து வந்து சொன்னால் அதை இன்னொருவர் எங்காவது மாற்றி வைத்திருப்பார்.

எடுக்கும்போதே கிழிசல், அடிக்கோடு, விட்டுப்போன பக்கங்கள் இருக்கின்றனவா என்று புரட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். இருந்தால் அங்கேயே காட்டிக் குறிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பழைய காயம் உங்கள் தலையில் விழும்.

தேதி

புதுப்பித்தலில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். இரண்டு விஷயங்கள் பலருக்குத் தெரிவதில்லை.

முதலாவது, வேறொருவர் முன்பதிவு செய்துவிட்ட புத்தகத்தை வழக்கமாகப் புதுப்பிக்க முடியாது. ‘எப்படியும் ரினியூ பண்ணிக்கலாம்’ என்று கடைசி நாள்வரை காத்திருந்து, இரவு பதினோரு மணிக்குக் கணக்கைத் திறந்தால் பொத்தான் வேலை செய்யாது. காலையில் அபராதம் தொடங்கியிருக்கும். தேர்வு நெருங்கும் நாட்களில் முன்பதிவுகள் குவிவதால் இது அதிகம் நடக்கிறது. கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பே பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது கொஞ்சம் நுணுக்கமானது. புதிய தவணை எந்த நாளிலிருந்து தொடங்குகிறது? சில நூலகங்களில் பழைய கடைசித் தேதியிலிருந்து. வேறு சிலவற்றில் நீங்கள் பொத்தானை அழுத்திய நாளிலிருந்து. கோஹா போன்ற நூலக மென்பொருள்களில் இரண்டில் எதை வேண்டுமானாலும் நூலகம் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். உங்கள் நூலகம் இரண்டாவது வழியில் போனால், ஒரு வாரம் முன்னதாகப் புதுப்பிக்கிறவர் ஒரு வாரத்தை இழக்கிறார். எத்தனை முறை புதுப்பிக்கலாம் என்பதற்கும் எல்லை உண்டு. இந்த மூன்றையும் சேர்க்கையின்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

விடுமுறை நாட்களுக்கும் அபராதம் உண்டா என்பது அடுத்த கேள்வி. கடைசித் தேதி விடுமுறையில் விழுந்தால் பல நூலகங்கள் அடுத்த வேலை நாளுக்குத் தள்ளிவைக்கும். ஆனால் தவணை ஏற்கெனவே கடந்திருந்தால், நடுவில் வரும் விடுமுறைகளையும் சேர்த்து எண்ணும் இடங்கள் இருக்கின்றன. நீண்ட விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்புமுன் பையைப் பார்ப்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

நினைவூட்டல் வரவில்லை என்பார்கள். வந்திருக்கும், நீங்கள் ஒருபோதும் திறக்காத கல்லூரி மின்னஞ்சலுக்கு. அதை உங்கள் போனில் இணைத்துக்கொள்ளுங்கள்.

குறுங்கால இரவல் என்று தனியாக ஒன்று உண்டு. ஒரு பாடத்துக்கு எல்லோரும் தேடும் புத்தகத்தை ஆசிரியர் ஒதுக்கிவைக்கச் சொல்லியிருப்பார். சில மணி நேரம் அல்லது ஓர் இரவு மட்டும் தருவார்கள். அபராதமும் மணிக் கணக்கில் ஏறும். சாதாரண இரவலைவிட வேகமாக ஏறும். அந்தச் சீட்டில் தேதியை மட்டும் பார்க்காமல் நேரத்தையும் பாருங்கள்.

பயந்து ஒதுங்குவது

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். ஒரு மாணவரின் தவணை ஐந்து நாள் கடந்துவிடுகிறது. கையில் பணம் இல்லை, அல்லது திட்டுவார்களோ என்ற பயம். நூலகத்துப் பக்கமே வராமல் இருந்துவிடுகிறார். அபராதம் அது பாட்டுக்கு ஏறுகிறது. கணக்கு முடங்குகிறது. ஒரு புத்தகத்துக்காக ஒரு முழு செமஸ்டர் அவருக்கு நூலகமே இல்லாமல் போகிறது.

வாருங்கள். புத்தகத்தைக் கொடுத்தால் அன்றோடு அபராதம் நின்றுவிடும். தொகையைப் பிறகு கட்டலாமா என்று கேட்கலாம். உடம்புக்கு முடியாமல் இருந்தீர்கள், வீட்டில் துக்கம் என்றால் அதைச் சொல்லுங்கள். குறைக்கும் அதிகாரம் நூலகருக்குப் பல இடங்களில் உண்டு. அதை அவர் பயன்படுத்த வேண்டுமானால் நீங்கள் வாய் திறக்க வேண்டும்.

புத்தகம் தொலைந்துவிட்டாலும் இப்படித்தான். தொலைந்தது என்று எழுதிக் கொடுத்த நாளோடு தாமதக் கட்டணத்தை நிறுத்திவிடும் நூலகங்கள் பல. ஆனால் கேட்காமல் கடைக்கு ஓடி புதிய பிரதி வாங்கி வந்துவிடாதீர்கள். நூலகம் குறிப்பிட்ட பதிப்பைக் கேட்கலாம், புதிய பதிப்பையே கேட்கலாம், அல்லது விலையைக் கட்டச் சொல்லலாம். எந்தப் பதிப்பு என்று தெரிந்த பிறகு, ஒவ்வொரு பதிப்புக்கும் தனியாகத் தரப்படும் ஐ.எஸ்.பி.என். எண்ணைக் குறித்துக்கொண்டு வாங்குங்கள். கெட்டி அட்டைக்கு ஓர் எண், சாதா அட்டைக்கு வேறோர் எண். 2007 முதல் வந்தவற்றில் அது 13 இலக்கம். பழையவற்றில் 10 இலக்கம்.

மழையில் நனைந்த புத்தகத்தை வெயிலில் காயவைத்துக் கொண்டுவருவார்கள். தாள்கள் அலையலையாக நெளிந்து, அட்டை முறுக்கிக்கொண்டிருக்கும். பக்கங்களுக்கு இடையில் உறிஞ்சும் வெள்ளைத் தாளை வைத்து, நிழலில் காற்றோட்டத்தில் உலர்த்த வேண்டும்; தாளை அடிக்கடி மாற்ற வேண்டும். ஈரம் இரண்டு நாளைக்கு மேல் நின்றால் பூஞ்சை பிடிக்கும். அதனால் அன்றே கொண்டுவந்து காட்டுவது எல்லாவற்றையும்விடச் சிறந்தது. கிழிந்த பக்கத்துக்கு செல்லோ டேப் வேண்டவே வேண்டாம். அதன் பசை காலப்போக்கில் மஞ்சளாகி, தாளுக்குள் ஊறிவிடும். கிழிசலை அப்படியே கொண்டுவந்து கொடுங்கள். ஒட்டுவதற்கு எங்களிடம் வேறு தாளும் பசையும் இருக்கின்றன.

‘இல்லை’ என்று முடிவு கட்டுவது

ஷெல்ஃபில் ஒரு முறை கண்ணோட்டிவிட்டு ‘இந்த லைப்ரரியில் ஒண்ணுமே இல்லை’ என்று திரும்புகிறவர்கள் நிறைய. பல நேரம் புத்தகம் இரண்டு அடி தள்ளி இருக்கும்.

பல கல்லூரி நூலகங்களில் புத்தகங்கள் டூயி தசமப் பகுப்பின்படி அடுக்கப்பட்டிருக்கும். 1876-இல் மெல்வில் டூயி வெளியிட்ட முறை அது. புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணில் புள்ளிக்குப் பின்னால் வருவது தசமம் என்பதை மறந்துவிடுகிறோம். 512.13 என்ற புத்தகம் 512.2-க்கு முன்னால் இருக்கும். பதின்மூன்று இரண்டைவிடப் பெரியது என்று எண்ணி, பின்னால் போய்த் தேடினால் கிடைக்காது. புள்ளிக்குப் பின் ஒவ்வோர் இலக்கமாகப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். எண் ஒன்றாக இருந்தால், கீழே உள்ள ஆசிரியர் பெயரின் எழுத்துகள் வரிசையைத் தீர்மானிக்கும்.

கணினியில் தேடும்போது வேறொரு தவறு நடக்கிறது. நூலகப் பட்டியல் இணையத் தேடுபொறி போன்றது அல்ல. அது பெரும்பாலும் தலைப்பு, ஆசிரியர், பொருள் என்று சில விவரங்களில்தான் தேடும். புத்தகத்துக்குள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காது. ‘மண் அரிப்பைத் தடுக்கும் வழிகள் யாவை’ என்று முழு வாக்கியமாகத் தட்டினால் ஒன்றும் வராது. ‘மண் அரிப்பு’ என்று சுருக்கிப் பாருங்கள். ஒரு நல்ல புத்தகம் கிடைத்தால், அது எதைப் பற்றியது என்று பதிவில் குறித்திருக்கும் பொருள் தலைப்பைச் சொடுக்குங்கள். அதன் உறவுக்கூட்டமே வந்து நிற்கும்.

தமிழ்ப் புத்தகம் தேடுகிறவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். பல பழைய பதிவுகளில் தமிழ்த் தலைப்புகளை ரோமன் எழுத்தில் ஏற்றியிருப்பார்கள். ழகரத்தையும் ளகரத்தையும் ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பார்கள். தமிழில் தட்டிக் கிடைக்கவில்லை என்றால் ரோமன் எழுத்தில் இரண்டு மூன்று விதமாக முயலுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் எண்ணை வைத்து நேரே போங்கள்: டூயி முறையில் தமிழ் மொழிக்கு 494.811, தமிழ் இலக்கியத்துக்கு 894.811.

படித்து முடித்த புத்தகத்தை நீங்களே ஷெல்ஃபில் திருப்பி வைக்காதீர்கள். உதவுவதாக நினைத்துத்தான் செய்கிறீர்கள், தெரியும். ஆனால் இடம் மாறிய புத்தகம், அடுத்த சரிபார்ப்புவரை தொலைந்த புத்தகம். மேசையிலேயே விட்டால் எங்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. எந்தப் புத்தகங்கள் உள்ளே உட்கார்ந்து படிக்கப்படுகின்றன என்று அவற்றை வைத்துத்தான் எண்ணுகிறோம். எதற்குக் கூடுதல் பிரதி வாங்குவது என்று முடிவு செய்ய அது உதவும். தேர்வு நேரத்தில் தனக்கு மட்டும் கிடைக்கட்டும் என்று இயற்பியல் புத்தகத்தைத் தத்துவ வரிசையில் செருகி வைப்பவர்களும் உண்டு. அதைத் தேடி ஒரு வகுப்பே அலைந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மின்னூல்கள், மின்னிதழ்கள்

இங்கே ஒருவர் செய்யும் தவறு எல்லோரையும் பாதிக்கும். ஆய்விதழ் ஒன்றின் கட்டுரைகளை மொத்தமாக இறக்கித் தரும் மென்பொருளை ஒருவர் இயக்கினால், பதிப்பகத்தின் கணினி அதைக் கண்டுபிடித்து அந்த ஐ.பி. முகவரியையே முடக்கிவிடும். அந்த முகவரியின் வழியாகத்தான் மொத்தக் கல்லூரியும் நுழைகிறது. மறுநாள் ஆய்வேடு சமர்ப்பிக்க வேண்டிய ஒருவருக்குக் கதவு மூடிக்கிடக்கும். தேவையான கட்டுரைகளை ஒவ்வொன்றாக இறக்குங்கள்.

மின்னூல் என்றால் எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் படிக்கலாம் என்பதும் சரியல்ல. ஒரே சமயத்தில் ஒருவர், அல்லது மூவர் என்று உரிமம் வாங்கியிருக்கலாம். படித்து முடித்ததும் முறையாக வெளியேறுங்கள். நீங்கள் திறந்து விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் இன்னொருவர் காத்திருப்பார். வீட்டிலிருந்து படிப்பவர்கள் நூலகத்தின் இணையப் பக்கத்தில் உள்நுழைந்து, அங்கிருந்து இதழுக்குப் போக வேண்டும். நேரே பதிப்பகத்தின் தளத்துக்குப் போனால் அது காசு கேட்கும். கல்லூரி ஏற்கெனவே சந்தா கட்டிய கட்டுரைக்குச் சொந்தப் பணம் கட்டிய மாணவர்கள் உண்டு.

கேட்காமல் விடும் சேவைகள்

உங்கள் நூலகத்தில் இல்லாத புத்தகத்தை வேறொரு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தரும் ஏற்பாடு பல கல்லூரிகளில் உண்டு. கட்டுரை என்றால் பெரும்பாலும் ஸ்கேன் செய்த பிரதியாகவே வந்துவிடும். புத்தகம் வர நாளாகும். ஆகவே சமர்ப்பிக்கும் வாரத்தில் கேட்டுப் பயனில்லை. வாங்கச் சொல்லிப் பரிந்துரைக்கவும் படிவம் இருக்கும். அதை நிரப்புவோர் மிகச் சிலரே என்பதால், நியாயமான பரிந்துரைக்கு நல்ல மதிப்பு உண்டு.

நூலகரிடம் கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. ‘எகனாமிக்ஸ் புக் எங்கே இருக்கு?’ என்றால் வரிசையைத்தான் காட்ட முடியும். ‘கிராமப்புறக் கடன் பற்றிப் பத்துப் பக்கம் எழுத வேண்டும், அடுத்த வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும், இந்த இரண்டு புத்தகத்தைப் பார்த்துவிட்டேன்’ என்று சொல்லிப் பாருங்கள். நீங்கள் தேடி எடுக்க ஒரு நாள் ஆவதை அவர் அரை மணியில் எடுத்துத் தருவார். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. எங்களுக்கு இது வேலை. தொந்தரவு என்று நினைத்துத் தயங்க வேண்டாம்.

கடைசியாக, அந்த நோ டியூஸ் விவகாரம். கடைசித் தேர்வுக்கு ஒரு மாதம் முன்பே கணக்கைத் திறந்து பாருங்கள். இருக்கும் புத்தகம், கட்டாத தொகை, முன்பதிவில் வந்து காத்திருப்பது எல்லாவற்றையும் அப்போதே தீருங்கள். பணம் கட்டிய ரசீதைச் சான்றிதழ் கைக்கு வரும்வரை எறியாதீர்கள். மின்னிதழ்களுக்கான உங்கள் உரிமை வழக்கமாகக் கல்லூரிக் கணக்கோடு மூடிவிடும். சேமித்து வைத்த தேடல்கள், குறித்து வைத்த கட்டுரைப் பட்டியல்கள் இருந்தால் அதற்குள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். முன்னாள் மாணவர்களுக்கு உறுப்பினர் அட்டை தருவார்களா என்றும் அப்போதே கேளுங்கள். பல நூலகங்கள் தருகின்றன.