பிள்ளைக்கு முதல் மட்டக்குதிரை: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

இங்கிலாந்தின் சிற்றூர்களில் வேலை கிடைத்துக் குடியேறும் நம்மவர் வீடுகளில், இரண்டாவது கோடை முடிவதற்குள் பிள்ளைகள் கேட்கத் தொடங்கும் விஷயங்களில் மட்டக்குதிரையும் ஒன்று. கூடப் படிக்கும் ஒருத்தியிடம் குதிரை இருக்கும், அதைத் தடவிப் பார்த்துவிட்டு வந்த பிள்ளை அன்றிரவு உறங்காது. நமக்கோ, ஊட்டி ஏரிக்கரையில் ஒருவர் கயிற்றைப் பிடித்து வர ஒரு சுற்று போய்வந்ததும், நெடுந்தீவில் எட்ட நின்று பார்த்த குதிரைக் கூட்டமும்தான் இதில் உள்ள முழு அனுபவம். அந்த நிலையில் இருந்து வாங்கப் போகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில், உடனே வாங்காதீர்கள். இங்கே குதிரையேற்றப் பள்ளிகள் உள்ளூராட்சி மன்றத்தின் உரிமம் பெற்றே நடத்தப்பட வேண்டும். அந்த உரிமத்தைக் கேட்டுப் பார்த்துவிட்டு, ஓராண்டாவது அங்கே பிள்ளையை அனுப்புங்கள். சனிக்கிழமை மழையில் சாணி அள்ளிய பிறகும் ஆசை குறையவில்லை என்றால் அடுத்ததை யோசிக்கலாம். பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் கற்றுத்தரும் அமைப்பான, 1929இல் தொடங்கப்பட்ட போனி கிளப்பில், சொந்தக் குதிரை இல்லாத பிள்ளைகளும் அதனுடன் இணைந்த பயிற்சிப் பள்ளிகள் வழியாகச் சேர முடியும். அதன் பிறகும் விலைக்கு வாங்குவதற்கு முன், ‘லோன்’ என்று இங்கே சொல்லும் முறையில், வளர்ந்துவிட்ட பிள்ளை ஏற முடியாமல் விட்ட குதிரையை எழுத்து மூல ஒப்பந்தத்துடன் சில காலம் வைத்துப் பார்ப்பது நல்லது.

வாங்குவது என்று முடிவானால் குணத்தை முதலிலும், வயதை இரண்டாவதாகவும், அழகைக் கடைசியிலும் பாருங்கள். நான்கு வயதுக் குதிரை விலை மலிவாகவும் பார்க்க லட்சணமாகவும் இருக்கலாம். ஆனால் பிள்ளையும் புதிது, குதிரையும் புதிது என்றால் இருவரில் யாருக்கும் வழி தெரியாது. பத்துக்கு மேல், பதினேழு பதினெட்டு வயதிலும்கூட, பல பிள்ளைகளைச் சுமந்து, குப்பை லாரியையும் டிராக்டரையும் கண்டு சலித்துப்போன மட்டக்குதிரைதான் தொடக்கக்காரருக்கு ஏற்றது. மட்டக்குதிரைகள் இருபத்தைந்து வயதுக்கு மேலும் வாழக்கூடியவை என்பதால், பதினைந்து வயது என்றதும் கிழம் என்று ஒதுக்க வேண்டியதில்லை.

அளவைப் பொறுத்தவரை நம் பழக்கம் ஒன்று இங்கே ஆபத்தானது. ‘வளரும் பிள்ளைதானே’ என்று பள்ளிச் சீருடையை ஓர் அளவு பெரிதாக வாங்குவோமே, அப்படிக் குதிரையை வாங்கக் கூடாது. கால் விலாவைச் சரியாகச் சுற்றி எட்டாத பிள்ளையால் குதிரைக்கு எதையும் உணர்த்த முடியாது. உயரத்தைக் கழுத்தும் முதுகும் சேரும் மேட்டிலிருந்து தரை வரை ‘ஹேண்ட்’ கணக்கில் அளப்பார்கள். ஒரு ஹேண்ட் என்பது 4 அங்குலம். விளம்பரத்தில் 12.2 என்று இருந்தால் அதைத் தசமம் என்று படித்துவிடாதீர்கள்: பன்னிரண்டு ஹேண்டும் இரண்டு அங்குலமும் என்று பொருள். ஷெட்லாந்து இனம் 42 அங்குலத்தைத் தாண்டாது. மிகச் சிறிய பிள்ளைக்குப் பொருந்தும் என்றாலும், முதுகு அகலமும் தந்திர புத்தியும் அதற்கு அதிகம். வெல்ஷ் இனத்தின் மிகச் சிறிய பிரிவான ‘செக்‌ஷன் ஏ’ 12 ஹேண்ட் வரை வரும். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் பலருக்கு அந்த அளவு போதும்.

பார்க்கப் போகும்போது, பிள்ளைக்குக் கற்றுத்தரும் பயிற்சியாளரைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். அவருக்குரிய கட்டணத்தைக் கொடுத்தாவது. நாங்கள் முதன்முதலில் பார்த்த சாம்பல் நிறக் குதிரை ஆடாமல் அசையாமல் நின்றது, மகளை ஏற்றியதும் பசுவைப் போல நடந்தது. முன்பணம் கொடுக்கக் கை பைக்குள் போய்விட்டது. பயிற்சியாளர் சேணத்தைக் கழற்றச் சொல்லி, அதன் அடியில் இருந்த விரிப்பைப் புரட்டிக் காட்டினார். ஈரம் சொட்டியது, பட்டை இழுக்கும் இடத்தில் வியர்வை உப்பு வெள்ளைக் கோடாகக் காய்ந்திருந்தது. நாங்கள் வருவதற்கு முன் அதை ஓட்டி ஓட்டிக் களைக்க வைத்திருக்கிறார்கள். அன்று முதல் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம்: குதிரையைப் புல்வெளியிலேயே விட்டுவைக்கச் சொல்வோம், அதைப் பிடிப்பது, துடைப்பது, குளம்பைத் தூக்குவது, சேணம் பூட்டுவது எல்லாம் எங்கள் கண் முன்னால் நடக்க வேண்டும். முதலில் விற்பவர் வீட்டுப் பிள்ளை ஏறட்டும், பிறகு பயிற்சியாளர் பார்க்கட்டும், கடைசியில்தான் நம் பிள்ளை. இன்னொரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் திரும்பவும் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிடித்துவிட்டால், விற்பவருடைய மருத்துவர் அல்லாத வேறொரு கால்நடை மருத்துவரைக் கொண்டு ஐந்து கட்டப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அப்போது எடுக்கும் இரத்த மாதிரியைச் சேமித்து வைப்பார்கள். வலி நிவாரணியோ மயக்க மருந்தோ கொடுத்து நிறுத்தியிருந்தால் பின்னால் அதைச் சோதித்துத் தெரிந்துகொள்ளலாம். குதிரைக்கும் பாஸ்போர்ட் உண்டு என்றால் ஊரில் சிரிப்பார்கள், ஆனால் அது இல்லாமல் இங்கே விற்கவோ வாங்கவோ கூடாது. மைக்ரோசிப்பும் 2020 அக்டோபர் முதல் இங்கிலாந்தில் எல்லாக் குதிரைகளுக்கும் கட்டாயம். சிப்பின் எண்ணும் பாஸ்போர்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். வியாபாரியிடம் வாங்கினால் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் உங்களுக்குத் துணை வரும். தனியாரிடம் வாங்கினால் அவர் சொன்னது பொய் என்று நிரூபிப்பது உங்கள் பாடு. ஆகவே கேள்விகளையும் பதில்களையும் மின்னஞ்சலில் வைத்துக்கொள்வது நல்லது.

வாங்கும் விலையைவிட வைத்திருக்கும் செலவுதான் பெரிது. கொட்டிலை வாடகைக்கு எடுப்பதை ‘லிவரி’ என்பார்கள். வேலையை நாமே செய்யும் ‘டிஐஒய் லிவரி’ மலிவு, ஆனால் டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டும் ஊரில் காலையும் மாலையும் நீங்கள் அங்கே நிற்க வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவ, பதிவு பெற்ற லாடக்காரர் வர வேண்டும். தடுப்பூசி, பல் பராமரிப்பு, மூன்றாம் தரப்புக் காப்பீடு ஆகியவை தனி.

நம்மவர் தவறாமல் சறுக்கும் இடம் தீனி. கொழுகொழுவென்று இருந்தால்தான் நன்றாக வளர்க்கிறோம் என்று நமக்குத் தோன்றும். இந்த இனங்களோ மேட்டு நிலத்து வறண்ட புல்லைத் தின்று பிழைக்கப் பழகியவை. வசந்த காலத்துச் செழும்புல்லின் சர்க்கரை ஏறினால் குளம்புக்குள் அழற்சி உண்டாகும். அதை லாமினைட்டிஸ் என்பார்கள். முன்னங்கால்களை நீட்டி, பாரத்தைப் பின்னால் சாய்த்து நின்றாலோ, குளம்பு சூடாக இருந்தாலோ அன்றைக்கே மருத்துவரை அழையுங்கள். பிடரியின் மேடு தொட்டால் கெட்டியாக இருப்பது முன்னெச்சரிக்கை. பாட்டி ஆசையாகக் கொண்டுவரும் வெல்லத்தையும் ரொட்டியையும் கொட்டில் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் குதிரை வேறொன்றாக நடந்துகொள்ளக்கூடும். பழைய கூட்டாளிகளைப் பிரிந்து வந்திருக்கிறது. அந்த நாள்களில் சாலைக்குக் கொண்டுபோகாமல், பயிற்சியாளர் அருகில் இருக்க, வேலிக்குள்ளேயே ஓட்டட்டும். பாஸ்போர்ட்டில் உரிமையாளர் பெயரை 30 நாளுக்குள் மாற்ற வேண்டும், அதையும் அந்த வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள்.